போஸ்டரில் அப்பா

இரண்டு வாரமாக அந்த வீட்டில் ஒரே பேச்சு. அப்பா போஸ்டரில் வரப் போகிறார்.

சென்ற வாரம் தேய்த்த காக்கிச் சட்டையோடு படப்பிடிப்புக்குக் கிளம்பியவரை, அம்மா தெருமுனை வரை நடந்து வந்து வழியனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். இன்றுதான் கதைக்குள் வருபவர்களுக்கு இதோ சுருக்கம். அப்பா அரசு பஸ் ஓட்டுகிறார். மூத்தவள் போக்குவரத்துத் துறையின் விளம்பரப் பிரிவில் வேலை செய்கிறாள். சாலைப் பாதுகாப்பு விளம்பரத்துக்கு நல்ல டிரைவர் ஒருவரின் முகம் வேண்டும் என்று துறை தேடியபோது அவள் வாயே திறக்கவில்லை. நாளைக்கு யாராவது 'அப்பன் என்பதால்தானே' என்று கேட்டுவிட்டால்?

ஆளைத் தேடிக் கொடுத்தது பஸ்களில் மாட்டியிருக்கும் வேகக் கருவி. வருஷம் முழுக்க ஒரு தடவைகூட வேகம் மீறாத வண்டி எது என்று கேட்டதற்கு, அது அப்பாவின் வண்டியைக் காட்டியது. டிப்போவில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அங்கே அப்பாவுக்குப் பெயரே 'நிதானம்'.

இன்று காலை மூத்தவள் ஆபீசுக்குள் நுழைந்தபோதே தலை கனத்தது. நிதியாண்டின் கடைசியில் அந்தப் பிரிவில் யாருக்கும் ஒழுங்கான தூக்கம் கிடையாது. வருஷம் முழுக்க சிக்கனம் சிக்கனம் என்று ஒரு பேனாகூடக் கொடுக்க மாட்டார்கள். கடைசி வாரத்தில் ஒதுக்கிய நிதியைச் செலவழித்து முடிக்க வேண்டுமே என்று ரேடியோ, டிவி, சுவர், பாலம், பஸ்ஸின் முதுகு என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாடகைக்குப் பிடிப்பார்கள்.

"என்னம்மா, பார்த்தாச்சா?"

மேலதிகாரி. பின்னால் எல்லாரும் அவரை 'அவசரம்' என்பார்கள். அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ளக்கூட அவருக்கு நேரமில்லை.

"இப்பத்தான் சார் வந்தேன்."

"வந்ததும் பார்க்கணும்மா. எடுத்ததுல எது நல்லா இருக்கோ அதை டிக் பண்ணு, கையெழுத்துப் போடு, அனுப்பு. இன்னிக்குச் சாயங்காலம் தாண்டினா நிதி திரும்பிடும். திரும்பினா அடுத்த வருஷம் 'உங்களுக்கு எதுக்கு இவ்வளவு'ன்னு வெட்டிருவானுங்க. போர்டெல்லாம் ஏற்கனவே மாட்ட ஆரம்பிச்சாச்சு. உங்க அப்பா சும்மா சொல்லக் கூடாது, ஹீரோ மாதிரி இருக்காரு."

அவர் போய்விட்டார். மூத்தவள் கணினியில் படத்தை ஓட விட்டாள்.

அப்பா ஸ்டீயரிங் பின்னால் உட்கார்ந்திருந்தார். தலை படிய வாரியிருந்தார். பேச வேண்டியது ஒரே ஒரு வரி. "நிதானமா போங்க, நிம்மதியா போய்ச் சேருங்க."

அந்த வரியைக் கடைசி நிமிஷத்தில் துறை மாற்றிவிட்டது. "உங்களுக்காக வீட்டுல ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்க" என்பது புது வரி. அதை ஒரு பலகையில் பெரிதாக எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் தூக்கிப் பிடித்திருந்தார். பஸ்ஸின் கண்ணாடியில் அந்தப் பலகையின் நிழல் படத்திலேயே தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் தட்டு அகலம்.

அப்பா பழைய வரியையே சொன்னார்.

"பெரியவரே, புது வரி. போர்டைப் பாருங்க" என்றது இயக்குநரின் குரல்.

"சரிங்க" என்று அப்பா சிரித்தார். மறுபடியும் பழைய வரி.

அடுத்த முறையும் அதுவேதான். அதற்கடுத்த முறையும். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். "மனுஷன் மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டார், விடுங்க சார். பழைய வரியே போதும்."

படப்பிடிப்பு அன்று மூத்தவள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்தச் சிரிப்பு அவளுக்கும் கேட்டது. அவளும் சிரித்தாள். 'அப்பா பிடிவாதம் யாருக்கு வரும்' என்று நினைத்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். "போர்டைப் பாருங்க" என்றதும் அப்பா பலகைப் பக்கம் திரும்பவில்லை. குரல் வந்த பக்கம் திரும்பினார். பலகை எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை.

அவள் கணினியை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"சார், மத்தியானம் கொஞ்சம் பர்மிஷன் வேணும்."

"கையெழுத்து?"

"வந்து போடறேன் சார்."

"இன்னிக்கா பார்த்து பர்மிஷன்! என் உயிரை வாங்கறதுக்குன்னே எல்லாரும் கிளம்பி வர்றீங்களாம்மா?"

அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா டிப்போவுக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தார்.

"என்னடி பாதி நாள்ல? உடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லை. அப்பாவுக்குக் கண்ணு எப்படிம்மா இருக்கு?"

அம்மா மடித்த சட்டையை உதறினாள். மறுபடி மடித்தாள்.

"வயசாகுதில்ல. எல்லாருக்கும் இருக்கறதுதான்."

"அம்மா."

"என்னடி அம்மா, அம்மான்னுட்டு? கைவேலையா இருக்கேன்ல."

"அவ்வளவு பெரிய போர்டு அவருக்குத் தெரியலை. படத்துல பார்த்தேன். என்கிட்டயாவது உண்மையச் சொல்லு."

அம்மா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். சண்டைக்கு நிற்பாள் என்று மூத்தவள் நினைத்திருந்தாள். அம்மாவிடம் சண்டைக்குத் தெம்பு இல்லை.

"புகை மூட்டமா இருக்குன்னாரு. கண்ணாடி மாத்தினோம், கேக்கலை. ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு ஒரு டாக்டர் சொன்னாரு. இவரு ஒத்துக்கலை. ஆஸ்பத்திரிக்குப் போனா சீட்டு எழுதுவாங்க, சீட்டு டிப்போவுக்குப் போகும், அப்புறம் என்னை பஸ் கழுவ விட்டுடுவாங்கன்னாரு. ஓய்வு வர்ற வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னாரு."

"வருஷா வருஷம் டிப்போல கண் டெஸ்ட் வைப்பாங்களே. அதுல எப்படி பாஸ் பண்ணாரு?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"அதுக்கு நான்தான் டியூஷன் எடுத்தேன்."

"என்னது?"

"அங்க மாட்டியிருக்கற எழுத்து அட்டை எத்தனையோ வருஷமா அதேதான். கிழிஞ்ச இடத்துல பிளாஸ்திரி போட்டு ஒட்டி வச்சிருக்காங்களாம். கண்ணு நல்லா இருந்தப்பவே அவருக்கு அது மனப்பாடம். மறந்துடக் கூடாதுன்னு டெஸ்டுக்கு முந்தின வாரம் பூரா இந்த அடுப்படியில நின்னு ஒப்பிப்பாரு. நான் திருத்துவேன். எனக்கே தலைகீழா வரும். சொல்லட்டுமா?"

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. மடியில் இருந்த சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீயுமாம்மா?"

"நானுந்தான். அந்த சீட்டுல உக்காந்தாத்தான் அவரு மனுஷனா இருக்காரு. வீட்டுல உக்காந்தா என்ன ஆவாருன்னு எனக்குத்தான் தெரியும்."

"பஸ் நிறைய ஜனம் இருக்கேம்மா."

"தெரியாதாடி எனக்கு? அவரு செருப்புச் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்குத் தண்ணி இறங்காது. ஒரு நாளா ரெண்டு நாளா? களைச்சுப் போயிட்டேன்டி. பயந்து பயந்தே களைச்சுட்டேன்."

மூத்தவள் அம்மாவின் மடியிலிருந்த சட்டையை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போறே? ஆபீசுக்கா?"

"அப்பா பஸ்ஸுக்கு."

கடைத்தெரு நிறுத்தத்தில் அப்பாவின் வண்டி வந்து நின்றது. மூத்தவள் பின்வாசல் வழியாக ஏறி, நடுவில் ஒரு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி.

கண்டக்டர் என்றால் பின்னால் நிற்பவர். டிப்போவில் அவருக்கு 'விசில்' என்று பெயர். இவரோ முன்னால், டிரைவர் சீட்டை ஒட்டி, சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். டிக்கெட் வேண்டும் என்றால் ஜனம்தான் முன்னால் போக வேண்டும். காசை வாங்கும் கை ஒரு பக்கம், வாய் இன்னொரு பக்கம்.

"சிவப்புண்ணே, நிறுத்திக்க. என்னா வெயிலு, மண்டை வேகுது. சில்லறை இல்லையா? காலைலேர்ந்து எல்லாரும் இதே பாட்டு. பச்சை, பச்சை, போலாம். இடது பக்கம் ஒரு ஸ்கூட்டர் தறுதலை வர்றான்ணே, விடு, போகட்டும். யம்மா, படியில நிக்காதே உள்ள வா. முன்னாடி ஒரு கிழவர் கடக்குறாரு, மெதுவா... மெதுவா... ஆங், போயிட்டாரு."

காய்கறிப் பெண்மணி சலித்துக்கொண்டாள். "இந்தாளுக்கு வாய் வலிக்கவே வலிக்காது. ரேடியோப் பொட்டி மாதிரி. ஆனா டிரைவர் தங்கம்மா. உடம்பு குலுங்காம கொண்டு போவாரு. நான் இந்த வண்டிக்காகவே காத்திருந்து ஏறுவேன்."

மூத்தவள் தலையாட்டினாள்.

அது வாய்க்கொழுப்பு இல்லை. விசில்தான் அப்பாவின் கண். அப்பாவின் நிதானம் என்று கருவி எழுதியது, துறை கொண்டாடியது, ஊரெல்லாம் ஒட்டப் போவது எல்லாமே இதுதான். கண் தெரியாத மனிதர் வேறு எப்படி ஓட்டுவார்?

பாலத்தைத் தாண்டியதும் சாலை ஓரத்தில் சாரம் கட்டியிருந்தார்கள். ஆட்கள் கயிறு இழுத்து ஒரு பெரிய பலகையை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். அதில் அப்பா. வீட்டுக் கூரை உயரத்துக்கு அப்பா. தலை படிய வாரி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

பஸ் அதைக் கடக்கும்போது அப்பா கேட்டார். "என்னடா அங்க கட்டறானுங்க? பெருசா ஏதோ தெரியுது."

விசில் பலகையைப் பார்த்தார்.

"சோப்பு விளம்பரம்ணே. நீ நேரா பாரு. முன்னாடி லாரி நிக்குது."

மூத்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி நிறுத்தம் வருவதற்குள் வெயில் இறங்கிவிட்டது. எல்லாரும் இறங்கினார்கள். மூத்தவள் முன்வாசல் வரை நடந்து வந்து, அப்பாவுக்கு நேராக நின்றாள். கை நீட்டினால் தொடும் தூரத்திலிருந்து ஓர் அடிதான் தள்ளி. ஆனாலும் பெற்ற பெண்ணின் முகம்.

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இறங்கிக்கங்கம்மா. கடைசி ஸ்டாப்பு."

விசில் பதறிப் போய் வாயைத் திறந்தார். மூத்தவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"அப்பா."

துண்டு அப்படியே நின்றது.

"பாப்பாவா? நீ எங்கே இங்க? இருட்டுல முகம் சரியா..."

"இருட்டே இல்லைப்பா இன்னும்."

அப்பாவின் கை தானாகப் போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா சொல்லிட்டாளா?"

"நீங்கதான் சொன்னீங்க. படத்துல பார்த்தேன். போர்டைப் பாருங்கன்னா, பேசினவர் பக்கம் திரும்பறீங்க."

"இன்னும் கொஞ்ச நாள்தான் பாப்பா. ஓய்வு வந்திடும். இந்த ரோடு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். எந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு இடுப்பே சொல்லும்."

"பள்ளம் நகராதுப்பா. ஜனம் நகரும்."

"இது வரைக்கும் ஒருத்தருக்கு ஒரு கீறல் பட்டிருக்கா? கேளு இவனை."

விசில் தலையைச் சொறிந்தார். "இல்லைதான்ணே. ஆனா போன வாரம் அந்தப் பால்காரன்... நான் கத்தாம இருந்திருந்தா..."

"நீ சும்மா இருடா!"

விசில் குரலைத் தாழ்த்தினார். "எத்தனை நாளைக்குண்ணே? ராத்திரி தூக்கத்துலகூட 'சிவப்பு, சிவப்பு'ன்னு கத்தறேனாம். வீட்டுக்காரி பயப்படறா. எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா உன் கண்ணுக்கு யாரு லீவு லெட்டர் குடுக்கறது?"

திரும்பும் நடைக்கு ஜனம் ஏறத் தொடங்கிவிட்டது. வேலை முடிந்தவர்கள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஒருத்தி, கைத்தடியோடு ஒருவர். வெளியே தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

"இந்த ஒரு நடை, பாப்பா" என்றார் அப்பா. "டிப்போல வண்டியை விட்டுட்டு வந்துடறேன். வீட்டுல பேசிக்கலாம்."

மூத்தவளுக்குக் கால் வலித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. ஒரு நடைதானே என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. குழந்தையைத் தோளில் போட்டிருந்தவள் முதல் சீட்டில் உட்கார்ந்து, குழந்தையின் காலைச் சரிசெய்தாள்.

மூத்தவள் போனை எடுத்து டிப்போவுக்குப் போட்டாள். டைம் கீப்பர் எடுத்தார்.

"இந்த வண்டிக்கு வேற டிரைவர் அனுப்புங்க... கடைசி ஸ்டாப்புல நிக்குது... ஆமா, நிதானம் அண்ணன் வண்டிதான். நான் அவர் பொண்ணு பேசறேன். அவருக்குக் கண்ணு தெரியலை."

சொல்லிவிட்டாள். உரக்கவே சொல்லிவிட்டாள். முதல் இரண்டு வரிசைக்குக் கேட்டுவிட்டது. கைத்தடிக்காரர் எழுந்தார்.

"தங்கச்சி, என் பேரை மட்டும் இழுத்துடாதே" என்றார் விசில் மெல்ல.

அப்பா சாவியைத் திருகி எடுத்தார். எழுந்து ஜனங்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் மன்னிச்சுக்கங்க. இந்த வண்டி இப்பப் போகாது. வேற டிரைவர் வருவாரு."

"ஏன்யா? உனக்கு என்ன கேடு? நல்லாத்தானே நிக்கிறே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கேடுதாங்க" என்றார் அப்பா.

அவர் காலால் படியைத் தேடினார். மூத்தவள் கை நீட்டினாள். அப்பா அதைப் பிடிக்கவில்லை. விசிலின் தோளைப் பிடித்து இறங்கி, நிறுத்தத்தின் இரும்பு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவே இல்லை.

"உன்னை யாரு கேட்டா?" என்றார், சாலையைப் பார்த்தபடி. "போன் போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லியிருக்கலாம். டிப்போவுக்கு நானே சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்களாப்பா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆபீசிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. அவசரம்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? டிப்போலேர்ந்து எனக்குப் போன் வருது!"

"சார், அவருக்குக் கண்ணு தெரியலை. அந்த விளம்பரம் வேண்டாம் சார். வேற யாரையாவது..."

"நீ வர மாட்டேன்னு தெரிஞ்சே நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. ஊரெல்லாம் போர்டு நிக்குது. இனிமே யாரை வேற யாரா ஆக்கறது?"

"அந்தப் பணத்துல டிப்போவுக்கு ஒரு கண் டெஸ்ட் மெஷினாவது வாங்கியிருக்கலாம் சார். பிளாஸ்திரி போட்டு ஒட்டின அட்டையை வச்சுப் பார்க்கறாங்க."

"அது வேற செலவுத் தலைப்பும்மா. விளம்பரத்துக்குன்னு வந்ததுல மெஷின் வாங்கினா என்னை உள்ள வச்சிருவான். நீ இதைக் கேளு. நாளைக்குக் காலைல தொடக்க விழா. மந்திரி உங்க அப்பா பஸ்ல ஏறி, பாலம் வரைக்கும் வர்றாரு. பத்திரிகைக்காரங்க பூரா வர்றாங்க. போஸ்டர்ல இருக்கற டிரைவர் சீட்டுல இல்லைன்னா எல்லாரும் ஏன்னு கேப்பான். பாலம் வரைக்கும்தாம்மா. முன்னாடி பின்னாடி போலீஸ் வண்டி வரும். ரோட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது. அது முடிஞ்சதும் லீவைப் போட்டு ஆபரேஷன் பண்ணிக்கட்டும். எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன். டிப்போ விஷயம் வெளியே வராது."

அவர் குரல் எப்போதும் பெரிது. போனைக் காதில் வைத்திருந்தாலும் பெஞ்ச் வரை கேட்டது.

அப்பா தலையைத் திருப்பினார். இத்தனை நேரம் தொங்கிக் கிடந்த தோள் நிமிர்ந்தது. எழுந்து நின்று, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, வேணாம்ணே" என்றார் விசில்.

"அப்பா, உக்காருங்க" என்றாள் மூத்தவள்.

அப்பாவின் காதில் இரண்டுமே விழவில்லை.

"காலைல எத்தனை மணிக்கு வரணும்னு கேளு பாப்பா."

போனுக்குள்ளிருந்து அவசரம் சிரித்தார். "கேட்டுச்சா? அவரே ஒத்துக்கிட்டாரு. இப்ப உனக்கு என்னம்மா கஷ்டம்?"